அலையாத்திக் காட்டுக்கு வாய்க்கால் எதற்கு?

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு (மாங்குரோவ் காடு) படகில் சென்று வருபவர்கள், ஓடைக்கரையில் முட்டுவேர்களை ஊன்றி நிற்கும் சுரபுன்னையைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால், சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மேல்நோக்கி முளைத்த ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களுக்கு நடுவே வெண்கண்டல் நிற்கிறது. இன்னும் மேட்டில், சிதம்பரத்துக்கே தன் பெயரைத் தந்த தில்லை வளர்கிறது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் இத்தகைய காடுகளைக் கரைக்கு அரணாக வளர்க்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் கன்று நடுவது இந்த வேலையில் சிறு பங்குதான். நீரை ஓடவிடுவதே பெரும்பங்கு.

முதலில், காடு அலையை எப்படி அடக்குகிறது என்று பார்ப்போம். கல்லால் கட்டிய சுவரில் மோதும் அலை தன் ஆற்றலைப் பெரும்பாலும் இழக்காமல் திரும்புவதால், சுவரின் அடியிலுள்ள மணலை அரித்துக்கொண்டு போகிறது. காட்டுக்குள் நுழையும் அலையோ ஒவ்வொரு வேரிலும் தண்டிலும் உரசிச் சிறு சுழல்களாக உடைந்து, அந்தச் சுழல்களிலேயே ஆற்றலைக் கரைத்துவிடுகிறது. 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, காற்றால் எழும் அலைகளின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைப்பதாகக் கள அளவீடுகள் காட்டுகின்றன. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், உயரம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும்.

புயலின்போது கடல்நீர் மொத்தமாக மேலெழுந்து உள்ளே வருவது வேறு வகையான சிக்கல். அந்த நீர்மட்டத்தைக் காடு ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் குறைக்கிறது. ஆகவே கரையோரத்தில் மெல்லிய பட்டையாக மரம் வைத்துவிட்டுப் புயல் வெள்ளத்தைத் தடுத்துவிட்டோம் என்று நினைப்பது வீண். 2004 சுனாமியின்போது கடலூர், பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டதாக 2005இல் வெளியான ஆய்வுகள் கூறின. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே காரணமாகலாம் என்று மறுப்பும் எழுந்தது. காட்டின் புகழ் பாடுவோர் இந்த மறுப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இனி வாய்க்காலுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிச்சாவரக் காடு கூறு கூறாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து மொட்டையாக வெட்டப்பட்டது. நிழல் போனதும் வெயில் சேற்றை உலர்த்தியது. உலர்ந்த சேறு சுருங்கித் தாழ்ந்தது. வெட்டிய இடமெல்லாம் நடுவில் குழிந்த தாம்பாளம் போல ஆயிற்று. இந்தக் கரையில் ஓதத்தின், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீரின், ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான், பல நாள்களில் அதற்கும் குறைவு. ஏற்றத்தில் குழிக்குள் புகுந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. கோடையில் அது ஆவியாக ஆக, சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உள்ள உப்பு அதையும் மிகவும் தாண்டிச் செறிந்து, தரையில் வெள்ளையாகப் படிந்தது. இலை வழியே உப்பை வெளியேற்றத் தெரிந்த வெண்கண்டலாலும் அங்கே வேர்பிடிக்க இயலவில்லை. வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு திரும்பாததற்குக் காரணம் இதுதான்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்த வேலை, இந்தக் குழிகளை ஓடையோடு இணைத்ததுதான். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு தலைவாய்க்காலை வெட்டி, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களைப் பிரித்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரிவதால் அதற்கு மீன்முள் வாய்க்கால் என்றே பெயர். ஓதம் நாள்தோறும் உள்ளே வந்து வெளியேறத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன, நீரோடு மிதந்து வந்த விதைகளும் தாமாகவே முளைத்தன. திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதே முறை கையாளப்பட்டது. இந்த வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். நடவுக்குக் கிடைக்கும் பணமும் படமும் தூர்வாருவதற்குக் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

மணற்கரைகளில் இந்தக் காடு வளராது. அங்கே அரண் மணல்மேடுதான். அதைப் பிடித்துவைப்பவை அடம்பங்கொடியும் இராவணன் மீசையும். மேட்டைச் சமன்செய்து சவுக்கு நடுவதைக் கரைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடல்மட்ட உயர்வை இக்காடுகள் எதிர்கொள்வது வண்டலைக் கொண்டுதான். வேர்களுக்கிடையே நீர் வேகம் குறைந்து வண்டல் படிய, மக்காத வேர்களும் சேர்ந்து தரை சிறிது சிறிதாக உயர்கிறது. கடல் ஆண்டுக்கு 6 அல்லது 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் காடு ஈடுகொடுப்பது கடினம் என்று பழைய படிவுகளை ஆராய்ந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். உலகச் சராசரி இப்போது 4 மில்லிமீட்டரைத் தாண்டியுள்ளது. காவிரிக் கழிமுகத்துக்கு வரவேண்டிய வண்டலின் பெரும்பகுதி, 1934இல் மேட்டூர் அணை கட்டப்பட்டது முதல் நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடுகிறது. நன்னீர் வரத்து குறையும்போது உவர்ப்பு தாங்கும் வெண்கண்டல் மட்டுமே மிஞ்சுகிறது. முத்துப்பேட்டையில் இன்று ஏறக்குறைய அதன் ஆட்சிதான். 2007ஆம் ஆண்டுக் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு, மொத்தம் 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடலில் சேர்வதற்கென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. கழிமுகக் காடுகளுக்கும் அந்தக் கணக்குக்குள்ளிருந்துதான் நீர் வந்தாக வேண்டும்.