கணுக்காலில் இரண்டு சின்னத் துளை, ஆறு வாரம் ஊன்றக்கூடாது: ஏன்?

"கணுக்காலில் ஆர்த்ராஸ்கோப்பி செய்துகொண்ட என் நண்பர் இரண்டாவது வாரமே நடக்கிறார். என்னை மட்டும் ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்கிறார்கள். ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆர்த்ராஸ்கோப்பி என்றால் சின்னத் துளை வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூட்டுக்குள் விட்டுச் செய்யும் சிகிச்சை. துளைகள் ஒரே மாதிரிதான், உள்ளே நடந்த வேலை வேறாக இருந்திருக்கும்.

கணுக்கால் மிக இறுக்கமான மூட்டு. இந்த முறைக்கு அது லாயக்கில்லை என்று 1931-இல் நியூயார்க் மருத்துவர் மைக்கேல் பர்மன் எழுதியே விட்டார். அப்புறம் கருவிகள் மெலிந்தன. இன்று 2.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயே போதும். வீங்கிய சவ்வையோ துருத்திய எலும்பையோ சீவி எடுத்திருந்தால் சில நாட்களிலேயே ஊன்றலாம். நண்பருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு பெயர்ந்திருந்தால் கதை வேறு. குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. ரத்தம் வராத இடத்தில் காயம் தானாக ஆறாது. அதனால் மருத்துவர் அடியிலுள்ள எலும்பில் வேண்டுமென்றே நுண்துளைகள் இடுகிறார். மூட்டுக்குள் செலுத்திய நீரின் அழுத்தத்தைக் குறைத்ததும், துளைகளிலிருந்து ரத்தமும் கொழுப்புத் துளிகளும் கசிவதைத் திரையிலேயே பார்க்கலாம். வருவது எலும்பு மஜ்ஜை. அது பள்ளத்தில் உறைகிறது. அதிலுள்ள குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இனிமேல்தான் என்ன ஆவது என்று முடிவெடுக்க வேண்டும். பாரம் ஏறினால் உறைவு பிய்ந்துவிடும். நேற்றுப் பூசிய சிமென்ட் தரையில் இன்று கட்டிலை இழுத்துப் போடுவது போல. அசைக்காமலே வைத்தாலும் மூட்டு இறுகிவிடும். பாரம் இல்லாத அசைவுதான் அந்த அணுக்களைக் குருத்தெலும்பின் பக்கம் தள்ளுகிறது. டொராண்டோவின் ராபர்ட் சால்ட்டர் முயல்களின் மூட்டுகளை இடைவிடாமல் அசைத்து இதைக் காட்டினார். ஊன்றாதே, ஆனால் பாதத்தை மேலும் கீழும் ஆட்டு என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வது இதனால்தான். எனக்கு இதில் அலுக்காத வியப்பு.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது அசல் சரக்கல்ல, நார் கலந்த குருத்தெலும்பு. சின்னப் பள்ளத்துக்கு அது தாங்கும். ஒன்றரை சதுர சென்டிமீட்டர் வரை பரவாயில்லை என்று முன்பு நினைத்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அந்த எல்லையை ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டன. சிகரெட் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். கட்டுப்படாத சர்க்கரை கிருமித் தொற்றுக்கு வழிவிடும். உடல் எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"எண்ணெய் போட்டு நன்றாக உருவினால் சீக்கிரம் சரியாகும்" என்று சொல்ல எந்த வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். ஆறாத துளைமேல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். புதிய உள்வைப்புகளுக்குக் கொட்டும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு பிசியோதெரபிக்கு வந்திருந்தால், எந்த வாரம் எவ்வளவு ஊன்றலாம் என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் இவ்வளவு வேறுபட மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பாதத்தின் மேல்புறம் மரத்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெளிப்பக்கத் துளைக்கு மிக அருகில் தோலுக்கடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. நான்காம் கால்விரலை மடக்கிப் பிடித்தால் பலருக்கு அது கோடாகப் புடைத்துத் தெரியும். கத்தி வைக்கும் முன் பேனாவால் காலில் கோடு வரைவது அதைத் தவிர்க்கத்தான்.