தன் அலையில் தானே ஏறும் படகு

திருகோணமலை உட்துறைமுகத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு மோட்டார் யாட், அதாவது பணக்காரரின் உல்லாசப் படகு, வந்து நங்கூரம் போட்டால், கரையில் நிற்பவர்கள் அதன் விலையைக் கேட்பதில்லை. "எவ்வளவு குடிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். 2022இல் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஊர் வேறு எதைக் கேட்கும்? எனக்குத் தெரிந்த ஒரு மீனவ மாமா ஒரு படி மேலே போனார். "என்ட வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு முப்பது லீற்றர் மண்ணெண்ணெய் போதும் தம்பி. இது மணிக்கு எவ்வளவு, மைலுக்கு எவ்வளவு?"

கேள்வியை அவரே இரண்டாகப் பிரித்துவிட்டார். இரண்டுக்கும் விடை வேறு.

முதலில் எஞ்சின். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. நல்ல கடல் டீசல் எஞ்சின் அதில் பத்தில் 4 பங்கை, விசிறியைச் சுழற்றும் தண்டுக்குக் கொடுக்கும். மீதி புகையோடும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடும் போய்விடும். எந்தக் கம்பனி எஞ்சினை வைத்தாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. ஆகவே செலவின் இரகசியத்தை எஞ்சின் அறையில் தேட வேண்டியதில்லை. அது வெளியே, தண்ணீரில் இருக்கிறது.

கோணேசர் மலையில் நின்று கீழே போகும் படகொன்றைப் பாருங்கள். மூக்கு தண்ணீரைத் தள்ளி ஒரு அலையை எழுப்பும். அந்த அலை படகோடு சேர்ந்தே ஓடும். படகின் வேகம் கூடக்கூட அலையின் நீளமும் கூடும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. 10 நொட்டில், அதாவது மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகத்தில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 17 மீற்றர். 12.6 நொட்டில் அது 27 மீற்றர்.

இப்போது 30 மீற்றர் யாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தொடும் இடத்தில் அதன் நீளம் 27 மீற்றர் என்று வையுங்கள். 12.6 நொட்டில் மூக்கு ஒரு முகட்டிலும் பின்பக்கம் அடுத்த முகட்டிலும் இருக்கும். அதற்கு மேல் வேகம் கொடுத்தால் பின்முகடு நழுவிப் பின்னால் போய்விடும். படகின் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும். மூக்கு வானம் பார்க்கும். தானே எழுப்பிய மேட்டில் தானே ஏற முயலும் நிலை. எஞ்சின் உறுமும், டீசல் ஓடும், வேகம் மட்டும் ஏறாது.

அந்த எல்லைக்குக் கீழே கணக்கு ஓரளவு எளிது. தேவைப்படும் வலு வேகத்தின் கன அளவில் ஏறும். மைலுக்கான டீசல் வர்க்க அளவில் ஏறும். நம் யாட்டுக்கு 10 நொட்டில் 200 கிலோவாட் வேண்டும் என்றால், மணிக்கு 50 லீற்றர், கடல் மைலுக்கு 5 லீற்றர். இங்கிருந்து கரையோரமாகப் பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 100 கடல் மைல். 10 நொட்டில் பத்து மணித்தியாலம், 500 லீற்றர். 8 நொட்டில் பன்னிரண்டரை மணித்தியாலம், ஆனால் 320 லீற்றர்தான். 12 நொட்டில் போனால் 720 லீற்றருக்குக் குறையாது. எல்லை நெருங்குவதால் அதற்கு மேலேயே போகும். தென்மேல் காற்று வீசும் சோழகக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்போது எழுதும் கணக்கு இது. மார்கழியில் வடகீழ்க் காற்றை எதிர்த்து வடக்கே போகிறவர் வேறு கணக்கு எழுத வேண்டும்.

மேட்டைத் தாண்டிப் போகவும் வழி உண்டு. அடிப்பக்கத்தைத் தட்டையாக்கி, அளவுக்கு மீறிய வலுவைக் கொடுத்தால் படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கி ஓடும். மாமாவின் வள்ளம் வெறுமையாகத் திரும்பும்போது செய்வதும் இதுதான். ஆனால் எடை குறைந்த வள்ளத்தைத் தூக்குவதும் மாளிகை ஒன்றைத் தூக்குவதும் ஒன்றல்ல. தலா 1,900 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள் முழு வலுவில் மணிக்கு 700 லீற்றர் எரிக்கும். 25 நொட்டில் அது மைலுக்கு 28 லீற்றர். 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபாய்க்குப் போனதே, அந்த விலையில் ஒரு மைலுக்கு 12,880 ரூபாய்.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளை நம் ஊரார் எல்லோரும் அறிவார்கள். ஒன்று சுமார் 12,000 கனமீற்றர் கொள்ளும். ஒரு தாங்கி டீசலை வைத்து 10 நொட் யாட் இரவு பகலாக 27 ஆண்டுகள் ஓடலாம். வேக யாட்டுக்கு இரண்டு ஆண்டுகூட வராது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு திருத்தம். இத்தகைய யாட்டுகளில் பல, ஆண்டுக்குச் சில வாரங்களே ஓடுகின்றன. மாலுமிகளின் சம்பளம், காப்புறுதி, துறைமுகக் கட்டணம், கரையேற்றிச் சுரண்டிப் பூசும் அடிவண்ணம், துருப்பிடிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டிகள் எல்லாம் சேர்த்து, படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் போகும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கைக்கணக்கு. படகு ஓடாவிட்டாலும் இதில் பெரும்பகுதி குறையாது. சும்மா நிற்பதும் பிழை: நம் சூடான கடலில் கிடக்கும் படகின் அடியில் பாசியும் சிப்பியும் விரைவில் பிடிக்கும், பிறகு அதே வேகத்துக்கு நூற்றுக்கு இருபதுகூட அதிகமாக டீசல் கேட்கும்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நிற்கிற படகு என்னத்தக் குடிக்கும்?" என்றார். அன்று இரவு காற்று விழுந்திருந்தது. தண்ணீருக்கு மேலால் மெல்லிய இரைச்சல் கேட்டது. குளிரூட்டிகளுக்கும் உறைகுளிர்ப் பெட்டிகளுக்கும் மின்சாரம் கொடுக்கும் ஜெனரேற்றர் அது. பத்துக் கிலோவாட் சுமையில் மணிக்கு 3 லீற்றர், விடியும்வரை பத்து மணித்தியாலம் என்று கணக்குச் சொன்னேன். அவர் சிறிது நேரம் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ட ஒரு நாள் தொழில்," என்றார்.