28 பவுண் டிக்கெட் யாருக்குக் கிடைக்கும்? லண்டன்–பாரிஸ் பறப்பவர்களுக்கு ஒரு முகவர் எழுதுவது

"அண்ணை, பாரிசுக்கு 28 பவுண் எண்டு போன்ல காட்டுது. நீங்கள் என்ன 90 சொல்லுறியள்?" கிழக்கு லண்டனில் பயண முகவர் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. போன் காட்டுவது பொய்யில்லை. நான் சொல்வதும் கொள்ளை விலை இல்லை. அந்த 28 பவுண், முதுகுப்பை ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் தனி ஆளாகப் போகிறவருக்கான விலை. பெட்டி, பிள்ளைகள், வெள்ளி மாலை என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது அது வேறு பயணமாகிவிடுகிறது. விலையும் மாறுகிறது.

முதலில் ஒரு நல்ல செய்தி. வரியைத் தனியாக ஒளித்துவைத்துக் கடைசிப் பக்கத்தில் ஏற்றுவதற்கு இங்கே அனுமதி இல்லை. 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதி ஒன்று, தவிர்க்கமுடியாத வரி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த விலையைத்தான் காட்டவேண்டும் என்கிறது. பிரித்தானியாவிலும் அதே விதிதான். லண்டனிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்கும் சாதாரண வகுப்புப் பயணி ஒருவருக்கு அரசு எடுக்கும் விமானப் பயணவரி 13 பவுணாக இருந்தது, 2026 ஏப்ரல் முதல் 15 பவுண். அந்த 28இல் பாதிக்கு மேல் அரசுக்குத்தான் போகிறது. சாதாரண வகுப்பில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த வரி இல்லை. பதிவு செய்யும்போது அவசரத்தில் பிள்ளையையும் பெரியவர் கணக்கில் போட்டால் அந்தப் பணத்தைச் சும்மா கொடுத்ததாக ஆகும்.

ஆனால் பெட்டி 'தவிர்க்கமுடியாத' செலவு அல்ல. சட்டத்தின் கண்ணில் அது உங்கள் விருப்பம். மலிவு விமானங்களின் பிழைப்பே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஈஸிஜெட்டில் இலவசமாகக் கொண்டுபோகக்கூடியது 45க்கு 36க்கு 20 சென்ரிமீற்றர் பை ஒன்று, 15 கிலோ வரை. இந்த அளவில் சக்கரமும் கைபிடியும் அடக்கம். நம்மவர்கள் வீட்டில் 'கைப்பெட்டி' என்று வைத்திருக்கும் சக்கரப் பெட்டிகள் பெரும்பாலும் 55 சென்ரிமீற்றர் உயரம். அதற்குத் தனிக் காசு, போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. பல நாட்களில் பெட்டிக்கான காசு டிக்கெட்டுக்குச் சமமாக வந்து நிற்கும். பதிவு செய்யும்போதே கட்டினால் இது. விமானத்தில் ஏறும் வாசலில் பிடிபட்டால் இன்னும் கூட. அங்கே பையின் அளவு பார்க்க உலோகச் சட்டகம் ஒன்று வைத்திருப்பார்கள். துணி பிதுங்கும் பையை அமுக்கி அதற்குள் இறக்கிவிடலாம், ஆனால் பெட்டியின் சக்கரத்தை அமுக்க முடியாது. இரண்டு சென்ரிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் கார்டைக் கையில் எடுக்கவேண்டியதுதான். வாங்கும்போது பை தட்டையான துணிப்பையா என்று பார்ப்பது, டிக்கெட்டில் ஐந்து பவுண் குறைகிறதா என்று பார்ப்பதைவிட லாபம்.

பிரிட்டிஷ் எயார்வேஸ், ஹீத்ரோவிலிருந்து போகும்போது 56க்கு 45க்கு 25 பெட்டி ஒன்றையும் தோள்பை ஒன்றையும் டிக்கெட் விலைக்குள்ளேயே அனுமதிக்கிறது. எயார் பிரான்சிலும் பெட்டியும் சின்னப் பையும் சேர்ந்திருக்கின்றன, ஆனால் இரண்டும் சேர்ந்து 12 கிலோ. ஆகவே பெட்டியோடு போகிறவர் மலிவு விமானத்தின் 28ஐயும், பெட்டியும் சேர்ந்த இவர்களின் டிக்கெட் 60 என்றால் அந்த 60ஐயும் அப்படியே ஒப்பிடக்கூடாது. 28ஓடு பெட்டிக் காசைக் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகு 60ஐப் பார்க்கவேண்டும்.

அடுத்தது விமான நிலையம். தேடும்போது 'லண்டன், எந்த விமான நிலையமும்' என்று போட்டால் ஹீத்ரோ, கட்விக், லூட்டன் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். விலை குறைந்தது மேலே நிற்கும். லூட்டனுக்கு ரயிலில் போனால் பார்க்வே ஸ்ரேசனில் இறங்கி, அங்கிருந்து முனையத்துக்கு 2023இல் திறந்த டார்ட் என்ற சிறு ரயிலுக்கு மாறவேண்டும், அதற்கும் காசு. காலை ஆறரை மணி விமானத்துக்கு ரயிலை நம்பமுடியாது, டாக்சி வேண்டும். சொந்தக்காரர் காரில் கொண்டுபோய் விட்டாலும் முனைய வாசலில் இறக்கிவிடுவதற்குக் கட்டணம் உண்டு. ஹீத்ரோவில் அதை மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதக் கடிதம் வரும், அதுவும் பாவம் கொண்டுபோய் விட்டவர் பெயரில். மறுபக்கம் பாரிசின் சார்ள் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ஆர்.ஈ.ஆர். ரயில் டிக்கெட் 2025இல் 13 யூரோ.

இவ்வளவையும் கூட்டிய பிறகுதான் லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலை ஒப்பிடவேண்டும். பலர் ரயில் விலையைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். லண்டன் சென் பான்கிராஸ் ஸ்ரேசனில் ஏறினால் இரண்டேகால் மணி நேரம் சொச்சத்தில் பாரிசின் கார் து நோர் ஸ்ரேசன், அங்கிருந்து நம்மவர் கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்கு நடந்தே போய்விடலாம். ஒருவருக்குப் பெரிய பெட்டி இரண்டும் கைப்பை ஒன்றும் டிக்கெட்டிலேயே அடக்கம். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மடியில் இருந்தால் காசில்லை. விமானத்தில் இரண்டு வயது முடிந்தாலே முழு இருக்கை வாங்கவேண்டும். மூன்று வயதுப் பிள்ளையோடும் கலியாணச் சேலைப் பெட்டிகளோடும் போகிற குடும்பத்துக்கு நான் பெரும்பாலும் ரயிலைத்தான் சொல்வேன். முன்கூட்டி எடுத்தால் மட்டும். கடைசி வாரத்தில் ரயில் விலை ஏறும் வேகத்துக்கு விமானமே பரவாயில்லை.

விலை எப்போது ஏறும் என்பதற்கு மந்திரம் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு, போனில் தேடல் பதிவாகாத மறைமுறையில் தேடினால் மலிவு என்ற கதைகளுக்கு என் அனுபவத்தில் ஆதாரம் கிடைத்ததில்லை. எந்தக் கிழமை வாங்குகிறீர்கள் என்பதல்ல, எந்தக் கிழமை பறக்கிறீர்கள் என்பதுதான் விலையை மாற்றுகிறது. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் எப்போதும் விலை கூட. லண்டன் பள்ளி விடுமுறையும் பாரிஸ் பள்ளி விடுமுறையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் வாரங்கள் அதைவிட மோசம். ஓகஸ்ட் கடைசியில் இங்கே வங்கி விடுமுறை, அதை ஒட்டியே பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேர். தேருக்குப் போகிறவர்கள் திகதி அறிவித்த அன்றே எடுத்துவிடுவது நல்லது.

விமானத்தில் இருக்கைகள் எல்லாம் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை. அடுக்கடுக்காகப் பிரித்திருப்பார்கள். மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடும்போது மலிவான அடுக்கில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்றால், பல நிறுவனங்களின் கணினி நாலு பேருக்குமே மேல் அடுக்கின் விலையைக் காட்டும். எனவே முதலில் ஒருவருக்கு என்று தேடிப்பாருங்கள், பிறகு நால்வருக்கு. ஆள் ஒன்றுக்கான விலை வேறாக இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்து எடுக்கலாம். பிள்ளைகளை மட்டும் தனிப் பதிவில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவர் இருக்கவேண்டும்.

விலை ஒப்பிடும் தளங்களில் தேடுங்கள், அதற்குத்தான் அவை இருக்கின்றன. ஆனால் வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் செய்யுங்கள். முகவரே இப்படிச் சொல்வதா என்று கேட்கலாம். இவ்வளவு குறுகிய பயணத்தில் எனக்கு மிஞ்சுவது ஒரு தேநீர்க் காசு, பிரச்சினை வந்தால் போவது அரை நாள். பட்டியலில் நான்கு பவுண் குறைத்துக் காட்டும் பெயர் தெரியாத இடைத்தரகுத் தளத்தில் எடுத்தால், விமான நிறுவனத்திடம் உங்கள் மின்னஞ்சலே இருக்காது. நேரம் மாறினால் அறிவித்தல் தரகரிடம் போய் அங்கேயே நின்றுவிடும். பணம் திரும்ப வரும்போதும் முதலில் அவருடைய கைக்குத்தான். கிரெடிட் கார்டில் கட்டினால் பாதுகாப்பு என்பது பாதி உண்மை. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்ட் கொடுத்த வங்கியும் பொறுப்பாவது 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளுக்குத்தான். 28 பவுண் டிக்கெட்டுக்கு, கட்டிய காசைத் திருப்பி எடுத்துத் தரும்படி வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்டுப் பார்க்கலாம், அது சட்ட உரிமை அல்ல.

இனிப் பெயர். நம் கடவுச்சீட்டுகளில் அப்பாவின் பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயர், இன்னொருவருக்கு முதற்பெயர் என்று ஒரே வீட்டில் நாலு விதம் இருக்கும். குழம்பினால் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுத்து இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். மேல்வரியில் நாட்டின் குறியீட்டுக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருவது முதற்பெயர்கள். அதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். முழுப்பெயரை மாற்றவேண்டி வந்தால் பல நிறுவனங்களில் புது டிக்கெட் வாங்குவது மலிவு.

பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முடிவுத் திகதியை மட்டும் பார்க்காதீர்கள். 2018 செப்டெம்பருக்கு முன் எடுத்தவற்றில் பழைய புத்தகத்தின் மிச்ச மாதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒன்பது மாதம் வரை. பிரான்சுக்குள் நுழையும் நாளில் கடவுச்சீட்டு வழங்கிப் பத்து ஆண்டு கடந்திருக்கக்கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2017 மார்ச்சில் வழங்கி 2027 டிசம்பரில் முடிகிற புத்தகம், 2027 ஏப்ரலில் பாரிசுக்கு உதவாது. செக்-இன் மேசையிலேயே திருப்பிவிடுவார்கள், டிக்கெட் காசும் போகும். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் இங்கே நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பாரிசில் வதிவிட அட்டை வைத்திருக்கும் உங்கள் மச்சான் இங்கே வருவதற்கும் பிரித்தானிய விசா வேண்டும். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் என்றால் விசா இல்லை, ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் மின்னணுப் பயண அனுமதி எடுக்கவேண்டும். அதே மாதம் அதன் கட்டணம் 16 பவுணாக உயர்ந்தது. இதற்கென்றே அரசுத் தளம் போலத் தோற்றமளித்து இரண்டு மடங்கு வாங்கும் தளங்கள் தேடலில் மேலே வரும். பிரித்தானிய அரசின் செயலியில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

போக வர ஒரே டிக்கெட்டாகப் பெரிய நிறுவனங்களில் எடுத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். போகும் விமானத்தைத் தவறவிட்டு ரயிலில் போய்விட்டால், திரும்பும் டிக்கெட்டையும் அவர்கள் ரத்துசெய்துவிடலாம். உடனே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஈஸிஜெட் போன்றவற்றில் ஒவ்வொரு பயணமும் தனி என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

விமானம் தாமதமானால் 28 பவுண் கொடுத்தவருக்கும் 280 கொடுத்தவருக்கும் ஒரே உரிமை. 1500 கிலோமீற்றருக்குட்பட்ட பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவு, இரவு தங்கவேண்டி வந்தால் ஹோட்டல். மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் லண்டனிலிருந்து புறப்பட்டவருக்கு 220 பவுண் இழப்பீடு, பாரிசிலிருந்து வந்தவருக்கு 250 யூரோ, ஆள் ஒன்றுக்கு. புயல், விமானக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் என்றால் இழப்பீடு இல்லை, சாப்பாடும் ஹோட்டலும் அப்போதும் உண்டு. இயந்திரக் கோளாறு பொதுவாக அவர்கள் பொறுப்புத்தான். நீதிமன்றங்கள் பலமுறை அப்படித் தீர்ப்பளித்திருக்கின்றன. விமான நிறுவனத்தின் தளத்தில் உள்ள படிவத்தில் நீங்களே கேட்கலாம், பங்கு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. இங்கிலாந்தில் ஆறு ஆண்டுவரை அவகாசம் உண்டு. போன வருடத் தாமதமாக இருந்தாலும் போர்டிங் பாஸ் படத்தைப் போனில் தேடி எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள்.