"நானும் சின்னனில இப்பிடித்தான்"

"நானும் சின்னனில இப்பிடித்தான் டொக்டர். அஞ்சு வயசிலதான் கதைச்சனான். இப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

இரணைமடுப் பக்கத்திலிருந்து மகனைக் கூட்டி வந்த தகப்பன் ஒருவர் கேட்டது இது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பிள்ளைக்கு நாலு வயது. நாங்கள் கதைத்த நேரம் முழுக்க நிலத்தில் இருந்து சோடா மூடிகளை ஒரே வரிசையாக அடுக்கினான். ஒன்றை மெதுவாக நகர்த்தினேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியை மட்டும் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தான்.

தகப்பன் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். வாய்க்கால் கரையில் நின்று சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவாராம். கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் கட்டினால் அந்தப் பக்கமே போகமாட்டார்.

ஓட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதும் கதைப்பதும் சின்ன வயதிலிருந்தே வேறு மாதிரி இருக்கும் மூளை வளர்ச்சி நிலை. அதன் தன்மைகள் உயரம் போலத்தான்: எல்லாரிடமும் ஏதோ ஓர் அளவில் உண்டு. கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 2001இல் இந்தத் தன்மைகளை அளக்க, பெரியவர்களுக்காக 50 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். பொதுமக்களின் சராசரிப் புள்ளி 50க்கு 16 அளவில் வந்தது, பூச்சியம் அல்ல. ஓட்டிசம் உள்ளவர்களில் ஐந்தில் நாலு பேர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள். (அந்தப் படிவத்தை நிரப்பி யாரும் தனக்குத்தானே முடிவு கட்ட வேண்டாம்.) இது குடும்பத்தில் வருவது என்பதை ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற ஆய்வாளர்கள் 1977இலேயே இரட்டைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டார்கள். தகப்பனிடம் மெல்லியதாக இருப்பது மகனிடம் அழுத்தமாக இருக்கலாம்.

அதற்காக "எல்லாருக்கும் கொஞ்சம் ஓட்டிசம்தானே" என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். குளத்துக்குள் இறங்கினால் கணுக்கால் எங்கே முடிந்தது, இடுப்பு எங்கே தொடங்கியது என்று தண்ணீரில் கோடு கீற முடியாதுதான். ஆனாலும் கழுத்தளவில் நிற்கிறவருக்கு ஒரு கை வேண்டும்.

வன்னியில் இன்னொரு சிக்கல். சத்தத்துக்குப் பயந்தால், கதையாமல் இருந்தால், உடனே "சண்டையால வந்தது" என்கிறோம். இந்தப் பிள்ளை பிறந்தது சண்டை முடிந்த 2009க்குப் பல வருடங்களுக்குப் பிறகு. தகப்பனின் கதையும் அப்படித்தான். ஷெல் விழ முந்தியே, தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, சத்தம் கேட்டால் காதைப் பொத்துவான் என்று அப்பம்மா சொன்னா. மனவடுவுக்கு ஒரு தொடக்கம் இருக்கும், முன்பு இப்படி இல்லை என்பார்கள். ஓட்டிசம் சின்ன வயதிலிருந்தே கூட வருவது. ஆகவே நான் முதலில் கேட்பது, "எப்ப இருந்து?" அடுத்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா, வரம்பில் மயில் நின்றால் விரலால் காட்டி "அம்மா, பார்" என்று உங்களையும் பார்க்க வைக்கிறானா என்பது. ஒன்றரை வயதிலும் அது இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

தகப்பனின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டேன்: "கதைக்காமல் இருந்த அந்தக் காலம் உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

கனநேரம் மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பள்ளிக்கூடத்தில சரியான அடி. ஏனெண்டு எனக்கு விளங்கேல்ல."

அடுத்த கிளினிக்குக்கு அவர்தான் முதல் ஆளாக வந்து நின்றார்.