பாத்தி கட்டினால் மட்டும் போதுமா?

போன சித்திரையில் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டு வேலை. புதிதாகப் போட்ட கான்கிரீட் இறுகுவதற்காக ரூஃபுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். பில்லர்களுக்கும் சாக்கு சுற்றியிருந்தது. பதினோரு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், சாக்கு மொறமொறவென்று இருந்தது. "காலையிலதான் சார் ஊத்துனேன்" என்றார் மேஸ்திரி. பொய்யில்லை, நம்ம ஊர் வெயில் அப்படி.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் போனால் வினை பாதியில் நிற்கும், மேற்பரப்பில் நுண்துளைகள் அடைபடாது, பின்னாளில் அந்த வழியாகவே கம்பி துருப்பிடிக்கும். வறண்ட வெயில் பகுதியில் குறைந்தது 10 நாள் விடாமல் ஈரம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456.

பாலங்களுக்குப் போடும் எம்50 மாதிரி வலிமை கூடிய கலவைகளில் (எம் எண் கூடினால் வலிமை கூடும்) சிக்கல் வேறு. தண்ணீர்-சிமென்ட் விகிதம் சுமார் 0.42க்குக் கீழே போனால், சிமென்ட் முழுக்க வினைபுரியும் அளவுக்கு உள்ளே தண்ணீரே இருக்காது. கலவையும் அடர்த்தி, மேலே ஊருணியையே கட்டி நிறுத்தினாலும் ஆழத்துக்கு இறங்காது. உள்ளுக்குள்ளேயே வறண்டு, சுருங்கி, வெடிப்பு விடும். இதற்குத்தான் இன்டர்னல் கியூரிங், அதாவது கான்கிரீட்டுக்கு உள்ளிருந்தே ஈரம் கொடுப்பது. துளைகள் நிறைந்த எடை குறைந்த பொடி ஜல்லியை நன்றாக ஊறவைத்து, மணலில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்ப்பார்கள். சுற்றியுள்ள சிமென்ட் வறள வறள, ஜல்லி தன்னிடமுள்ள தண்ணீரை விட்டுக்கொடுக்கும். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பாலிமர் தூளும் உண்டு.

நம்ம பக்கத்துப் பழைய மொட்டைமாடித் தளத்துக்கும் செங்கல் ஜல்லியை ஊறப்போட்டுத்தான் சுண்ணாம்போடு கலப்பார்கள். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிடும் என்று கொத்தனாருக்குத் தெரியும். இரண்டும் ஒன்றே என்று பெருமை பேச மாட்டேன். ஆனால் தூரத்து உறவுதான்.

சொன்னதும் வீட்டுக்காரர் கேட்டார்: "அப்ப நம்ம ரூஃப்லயும் செங்கல் ஜல்லி போட்டுரலாமா?" கூடவே கூடாதுங்க. கலவையை டிசைன் செய்யாமல், கியூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி) போட்டுச் சோதிக்காமல் செங்கலைக் கலந்தால் வலிமை குறையும். வீட்டுக்குப் போடும் எம்20இல் விகிதம் 0.5ஐ ஒட்டி இருக்கும். அதில் உள்ளே தண்ணீர் போதும், வெளியே ஓடாமல் பிடித்து வைப்பதுதான் வேலை.

அன்றைக்கே சாக்கை நனைத்து, மேலே பாலித்தீன் ஷீட் சுற்றிக் கட்டச் சொன்னேன். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு ஷீட்டை விலக்கினேன். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.