நாய் கடித்த காயத்தைச் சுடாதீர்கள்

குன்னூரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து நாய்க்கடியோடு மருத்துவரான என்னிடம் வருகிறவர்களின் காயத்தில் இன்றும் சுண்ணாம்பு அப்பியிருக்கிறது, மிளகாய்த்தூள் அப்பியிருக்கிறது. சிலருக்குக் காய்ச்சிய கம்பியால் சூடும் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஒரு காலத்தில் நாய்க்கடியால் வரும் வெறிநோய்க்கு (ரேபிஸ்) அதுதான் அறுவை மருத்துவம்.

கடிவாயிலிருந்து இரத்தத்தை வெளியேற்றி, சூடான நெய்யால் சுடச் சொல்கிறது பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை. பழைய ரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸும் சூடு போடுவதைச் சொல்லியிருக்கிறார். பிரான்சில் ஓநாய் கடித்தவர்களுக்குக் கொல்லன் பட்டறையில் சூடு போட்டதைச் பின்னாளில் வெறிநோய்த் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டர், சிறுவனாக 1831-இல் பார்த்திருக்கிறார். நஞ்சு கடிவாயில் இருக்கும்போதே அதை அழித்துவிட வேண்டும் என்று முன்னோர் கணித்தது மிகச் சரி. தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தவர் பிழைப்பதில்லை என்றும் சுசுருதர் எழுதினார். ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகும் எங்களால் அதை மாற்ற முடியவில்லை.

அவர்களிடம் இல்லாதது தடுப்பூசி. வெறிநோய்க் கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறப் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடித்தால் இன்னும் சீக்கிரம். அதற்குள் உடல் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிட வேண்டும். பாஸ்டர் உருவாக்கிய தடுப்பூசியை 1885 ஜூலை 6 அன்று 9 வயதுச் சிறுவனுக்கு அவர் மேற்பார்வையில் ஒரு மருத்துவர் போட்டார். 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று இன்னும் பயப்படுகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இப்போது அது நாட்டில் புழக்கத்தில் இல்லை. இன்றைய ஊசி கையில்தான்.

கடித்தவுடன் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். சூடு போட்டால் புண்தான் பெரிதாகும். அதைவிடக் கொடுமை, வைத்தியம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் ஊசிக்கு வராமலேயே இருந்துவிடுகிறார்கள். உயிரைப் பறிப்பது அந்த நிம்மதிதான்.

இரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். அதற்கு முன் தையல் போட்டுவிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தையல் கிருமியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். வீட்டு நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் வாருங்கள். பத்தியம் எதுவும் வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசியை முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள். பலர் கடைசி ஊசிக்கு வருவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்கிறார்கள். எஸ்டேட் நிர்வாகங்கள் இந்த நான்கு நாட்களுக்கும் கூலியோடு விடுப்புக் கொடுக்க வேண்டும்.