இ.சி.இ. பட்டத்துக்கு யார் தரும் அங்கீகாரம் எங்கே செல்லும்?

வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். 'ஆர்க்கிடெக்ட்' என்று போர்டு மாட்ட, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியருக்கு இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) முடித்தவர் எந்தக் கவுன்சிலிலும் பதியாமலே வேலைக்குப் போகலாம். உள்ளூரில் இதனால் தொந்தரவில்லை. வெளிநாட்டுக்குக் கிளம்பும்போதுதான் பட்டத்தை யார் அங்கீகரித்தது என்று கேட்பார்கள்.

கல்லூரி விளம்பரங்களில் மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கும். மூன்றும் வேறு வேறு. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) தருவது படிப்பை நடத்தவும் இத்தனை பேரைச் சேர்க்கவும் அனுமதி. நாக் (NAAC, தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு) கல்லூரி முழுவதையும் மதிப்பிடும். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) மட்டும்தான் ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், இ.சி.இ.க்கு இருக்காது. விளம்பரத்தில் 'என்.பி.ஏ. அக்ரிடிட்டட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எந்தப் பிரிவுக்கு என்பது பொடி எழுத்திலாவது இருந்தால் அதிர்ஷ்டம்.

என்.பி.ஏ.யிலும் இரண்டு அடுக்கு உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., பல்கலைக்கழகத் துறைகள், தன்னாட்சிக் கல்லூரிகள் ஆகியவை டியர்-1. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் டியர்-2. இது ஏன் முக்கியம் என்றால், வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. அதன் பலன் டியர்-1 பிரிவுகளுக்கு மட்டுமே. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் அந்தப் பட்டத்தைத் தங்கள் நாட்டுப் பட்டத்துக்கு ஈடாக ஏற்கும். அதுவே தொழில் உரிமம் ஆகிவிடாது. உரிமம் கேட்கும் நாட்டில் அனுபவம், தேர்வு எல்லாம் தனியாகக் காட்ட வேண்டும்.

வளைகுடாவில் இந்த விஷயம் வெடித்தது 2018-இல். இன்ஜினியர் என்ற பதவியில் இகாமா (வசிப்பு அனுமதி) புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று கட்டாயம் என்றார்கள்; அந்தச் சங்கம் இந்தியப் பட்டம் என்றால் என்.பி.ஏ. இருக்கிறதா என்று பார்த்தது. பல வருடம் அங்கே வேலை பார்த்தவர்கள், நல்ல பெயருள்ள கல்லூரியில் படித்தவர்கள்கூட மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் படித்த காலத்தில் அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. வாங்கியிருக்கவில்லை, அவ்வளவுதான். மாணவர் மேல் ஒரு தப்பும் இல்லாத விஷயத்துக்கு மாணவர் பதில் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? என்.பி.ஏ. இணையதளத்தில் மாநிலம், கல்லூரி வாரியாகப் பட்டியல் இருக்கிறது. கல்லூரிப் பெயரைக் கண்டதும் திருப்தியாகி மூடிவிடாதீர்கள். உங்கள் பிரிவின் முழுப் பெயர், டியர் எண், எந்தக் கல்வியாண்டிலிருந்து எதுவரை செல்லும் என்ற மூன்றையும் பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷனும் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷனும் பட்டியலில் வேறு வேறு. அங்கீகாரம் மூன்று அல்லது ஆறு ஆண்டுக்குத்தான் தருவார்கள்; நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டு அதற்குள் விழ வேண்டும். கல்லூரியிடம் அந்த அங்கீகாரக் கடிதத்தின் நகலை வாங்கி மதிப்பெண் பட்டியலோடு வைத்துக்கொள்வது நல்லது. பத்து வருடம் கழித்துக் கேட்டால் தேடித்தர ஆள் இருக்காது.

கல்லூரிக்கே போகாமல் ஏ.எம்.ஐ.இ.டி.இ. தேர்வு எழுதியவர்கள் கதை வேறு. 1953-இல் தொடங்கிய மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் தேர்வு அது. வேலை பார்த்துக்கொண்டே படித்த டிப்ளமோக்காரர்கள் பலருக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்தது. 31.5.2013 வரை பெயர் பதிந்தவர்களுக்கு மத்திய அரசு வேலைகளில் அது பட்டத்துக்குச் சமம். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சான்றிதழ் எந்த வருடத்தது என்பதைவிட, முதலில் பதிவு செய்த தேதிதான் கணக்கு. அந்தத் தேதி உள்ள பதிவுக் கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.